சந்து விடாத பேச்சு

குழந்தைவேலு வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஊமையாக இருந்தான் என்று இல்லை. பீடோங் டவுனிலிருந்து உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், மரம் வெட்டி எடுத்த ரப்பர் பாலை ஏற்றும் பால் லாரி ஓட்டினான். ‘ஏத்தியாச்சா’, ‘எறக்கியாச்சா’ என்று இரண்டு சொல் போதும் அந்த வேலைக்கு. வீட்டில் மகள் பிரேமாவதி மட்டும்தான். அவளிடமும் அப்படித்தான். சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா. எழுபத்து மூன்றில் மனைவி ராக்காயி செத்துப் போனதிலிருந்து அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சுக்கு வேலை இல்லை.

ஆனால் படிப்பான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை போனவன். பீடோங் பாசாரில் பழைய புத்தகக் கட்டு எங்கே கிடந்தாலும் குனிந்து கிளறாமல் வரமாட்டான். பாலை இறக்கும் தோட்டத்து ஸ்டோரில் அதை நிறுக்கும் வரைக்கும் லாரியிலேயே உட்கார்ந்து படித்துவிடுவான். படித்துவிட்டு என்ன செய்வது? தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் யாரிடம் போய், இந்தக் கதையில் வருகிற மாமனார்காரன் செய்தது சரியா என்று கேட்பது? எல்லாரும் நாலு நம்பர் லாட்டரியில் என்ன விழுந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். படித்ததெல்லாம் அவனுக்குள்ளேயே போய்க் கிடந்தது.

எண்பத்து நான்கில் ஒரு நாள் லாரிக்கு ஃபேன் பெல்ட் வாங்க சுங்கைப்பட்டாணிக்குப் போனான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்த மோரிஸ், பாக்கார் ஆராங் பக்கத்துப் பையன், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தான். அப்போது சிபி ரேடியோ என்று ஒரு மோகம் வந்திருந்த நேரம். லைசன்ஸ் எடுத்துக்கொண்டு, கூரைமேல் ஒரு கம்பத்தை நட்டால், முகம் தெரியாத ஆட்களோடு வீட்டிலிருந்தே பேசலாம். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அந்த நாவல்ல கடைசி அம்பது பக்கம் தேவையே இல்ல. எழுதுனவருக்கு அந்தப் பொண்ண விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் இழுக்குறாரு.”

குழந்தைவேலு பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். அந்த நாவலை அவன் படித்திருந்தான். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

“யாரு தம்பி இது?”

“கொக்கு. பெண்டாங்குல இருக்காரு. ஏசுதாசன்னு பேரு, நெல்லு மில்லுல வேல. காத்துல யாரும் சொந்தப் பேரு சொல்றதில்லண்ணே. நான் சைலன்சர்.”

“ஏன் சைலன்சரு?”

“எங்கம்மா வெச்ச பேரு. வாய மூடமாட்டேனாம்.”

அடுத்த மாதம் குழந்தைவேலு ஒரு பெட்டி வாங்கிவிட்டான். அவன் பெயர் பால்லாரி ஆயிற்று. கூரைமேல் கம்பம் நட மோரிஸே வந்தான். வந்தவன் பாடமும் நடத்தினான். கையில் பிடிக்கிற மைக்கில் ஒரு கட்டை இருக்கிறது. அதை அமுக்கினால் நாம் பேசலாம். அமுக்கியிருக்கும் வரைக்கும் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்காது. விட்டால்தான் கேட்கும்.

“இன்னொன்னுண்ணே. ஒருத்தர் பேசி முடிச்சதும் ஒடனே அமுக்கிடக்கூடாது. ஒரு மூச்சு விடற நேரம் சும்மா இருக்கணும். தூரத்துல யாராச்சும் சின்னக் குரல்ல கூப்புட்டா அப்பதான் உள்ள வர முடியும். நம்ம ஆளுங்க அதுக்கு சந்துன்னு சொல்லுவோம். சந்து விடாம பேசறவன யாருக்கும் புடிக்காது.”

குழந்தைவேலு சந்து விட்டான். மற்றவர்களைவிட அதிகமாகவே விட்டான். பேசிப் பழக்கமில்லாதவனுக்கு அது ஒன்றும் கஷ்டமாயில்லை.

சாயங்காலம் குளித்துவிட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரைக்கும் போகும். பிரேமாவதி அப்போது துணி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலை விட்டு வந்து சட்டியைக் கழுவிக்கொண்டே முனகுவாள். “எங்கப்பா அந்தப் பெட்டியோட குடித்தனம் பண்றாரு. அதயே சோத்தப் போடச் சொல்லுங்க.” முனகினாலும் ரேடியோ பேச்சு ஓடும்போது சட்டிகளை மெதுவாகத்தான் வைப்பாள்.

புத்தகங்கள் பஸ் கண்டக்டர்கள் கையில் ஊர் ஊராகப் போய்வரும். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தனுப்புவார். பிறகு அதைப் பற்றிச் சண்டை. புத்தகத்தில் ஆரம்பித்தது எங்கெங்கோ போகும். ஒரு நாள் சாமி இருக்கா இல்லையா என்று குழந்தைவேலுதான் கிளப்பினான்.

“இருக்கான்னு கேக்காத தம்பி,” என்றார் கொக்கு. “நாம பேசறது அதுக்குக் கேக்குதான்னு கேளு.”

“கேட்டா பதில் வரணுமேண்ணே.”

இடையில் மோரிஸ் நுழைந்தான். “கேக்குதுண்ணே. பாவம், மேல ஆன்டெனா ஒடஞ்சிருக்கும். நம்ம பேசறது அங்க போவுது, அது பேசறது இங்க வரல.”

“சைலன்சரு, இத ஞாயித்துக்கெழம பூசையில எந்திரிச்சுச் சொல்லு பாப்போம்.”

“சொன்னா ஃபாதர் என் ஆன்டெனாவ ஒடச்சிடுவாருலா.”

கொக்கு சிரிப்பது கேட்டது. சிரித்து முடித்து இருமினார். கொஞ்ச நாளாகவே அந்த இருமல் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதுவது என்றால் என்ன என்று இன்னொரு நாள் பேச்சு வந்தபோது கொக்கு சொன்னார்: “சொல்ல முடியாதத சொல்லிப்புட்டு, சொல்லாதவன் மாதிரி உக்காந்துக்கறது. வேற ஒன்னும் இல்ல தம்பி.”

குழந்தைவேலு அன்று சீக்கிரமே பெட்டியை அணைத்தான். மறுநாள் பீடோங்கில் ஒரு கட்டுத் தாள் வாங்கினான்.

மூன்று மாதம் போல எழுதினான். லாரியில் உட்கார்ந்து, ஸ்டீரிங்மேல் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினான். கதை இவ்வளவுதான். ஒரு தோட்டம். ஒரு பால் லாரி டிரைவர். அவன் தோட்டத்தின் கடைசி டிவிஷனில் பால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சைக்கிளில் ஒருத்தன் வேகமாக வந்து சொல்கிறான்: உன் பெண்சாதிக்குப் பிள்ளை கலைந்து ரத்தம் நிற்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார் தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர், தோட்டத்து வேன் வெளியே போயிருக்கிறது, உன் லாரிதான் கதி. லாரி நிறைய பால். பாரத்தோடு அந்த மேட்டில் வேகமாகப் போக முடியாது. ஸ்டோரில் போய் இறக்கினால் நேரமாகும். டிரைவர் யோசிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவ்வளவு பாலையும் கால்வாயில் ஊற்றுகிறான். கால்வாய் வெள்ளையாக ஓடுகிறது. காலி லாரியை விரட்டிக்கொண்டு லயத்துக்கு வருகிறான். அவள் பிழைத்துக்கொள்கிறாள்.

பத்திரிகையின் ஞாயிறு மலருக்கு அனுப்பலாம் என்று மோரிஸ் சொன்னான். குழந்தைவேலுவுக்கு ஞாயிறு மலர் பெரிதில்லை. கொக்கு நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். அதற்காகத்தான் எழுதினான் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காற்றில் வாசித்தான். துண்டு துண்டாக வாசித்து, நடுநடுவே சந்து விட்டு வாசித்தான். முடித்ததும் மோரிஸ்தான் முதலில் வந்தான். “அண்ணே, கண்ணு கலங்கிப் போச்சுலா.” குழந்தைவேலு அதைக் காதில் வாங்கவில்லை. கொக்குக்காகக் காத்திருந்தான்.

கொக்கு வந்தார். நிதானமாகத்தான் சொன்னார்.

“நடை நல்லாருக்கு தம்பி. ஆனா முடிவு பொய். அந்தக் காலத்துத் தோட்டத்துல எந்த டிரைவரும் பால கால்வாயில ஊத்தமாட்டான். பயம். கணக்குப் பாக்குற கிராணி என்னா சொல்லுவான், தொர என்னா சொல்லுவான்னு பயம். நீ எழுதுன ஆளு நெசத்துல ஸ்டோருக்குப் போயி பால எறக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பான். லாரி நேரத்துக்கு வந்திருக்காது.”

எழுபத்து மூன்றில் குழந்தைவேலு அதைத்தான் செய்தான். சைக்கிள்காரன் வந்து சொன்னான். குழந்தைவேலு குழாயில் கை வைத்தான். வைத்த கையை எடுத்தான். ஸ்டோருக்கு ஓட்டினான். ‘நின்னா பால் ஒறஞ்சிடும், எறக்கிட்டுப் போ’ என்று கிராணி சொன்னார், இறக்கினான். யாரும் அவனைக் கட்டிப் போடவில்லை. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ, அவன் கேட்கவே இல்லை. லயத்துக்கு வந்தபோது பொம்பளைகள் ராக்காயியைத் துணியில் சுற்றி வாசலில் தூக்கி வைத்திருந்தார்கள். லாரியில் ஏற்றினார்கள். பீடோங் தாண்டவில்லை.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஆறு வயதாயிருந்த மகளிடமும் சொன்னதில்லை. லாரி தூரத்தில் இருந்தது, வர நேரமாயிற்று என்றுதான் தோட்டத்துக்கே தெரியும்.

பெண்டாங்கில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுசன், முகம்கூடத் தெரியாதவர், அதைப் பிட்டுப் பிட்டு வைத்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறியது. மைக்கை அமுக்கினான்.

“நெல்லு அளக்குற ஆளுக்குப் பாலப் பத்தி என்னா தெரியும்? நீ எந்தத் தோட்டத்துல கெடந்த? வயலுல ஒத்தக் கால்ல நிக்கிற கொக்கு நீ. கண்டவன் எழுதுனதுல குத்தம் பாக்கத் தெரியும், ஒனக்கு ஒரு வரி எழுத வருமா?” அதோடு நிற்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்ட மனுசரை வாடா போடா வரைக்கும் இறங்கிப் பேசினான். கட்டையை விட்டபோது ஒரு சத்தமும் இல்லை. பிறகு மோரிஸ் மட்டும் மெதுவாக, “அண்ணே, போதும்ணே. சந்து விடுங்க,” என்றான். குழந்தைவேலு பெட்டியை அணைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் ஜெராய் மலைப் பக்கமிருந்து பெருங்காற்றும் மழையும் வந்தன. அதற்கடுத்த நாள் குழந்தைவேலு பெட்டியைத் திறந்தபோது கொக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று.

“ரோசக்காரரு,” என்றான் குழந்தைவேலு.

“ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருக்கும்ணே. ஒரு எட்டு போயி பாத்துட்டு வருவமா?”

“நான் ஏன் போவணும்? கொற சொன்னது அவரு.”

மனத்துக்குள் அவன் தினமும் காத்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு சொல் போதும். ‘என்னா பால்லாரி, கோவம் தீந்துச்சா’ என்று அந்த மனுசர் கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கேட்கவில்லை. கேட்காத ஒவ்வொரு நாளும் அவனுக்கு வீம்பு ஏறியது. நம் குரல் பெண்டாங் வரை சரியாகப் போகவில்லையோ, அதை வைத்துக்கொண்டு கேட்காதது போல இருக்கிறாரோ என்று நினைத்து, மோரிஸிடம் சொல்லிப் பெட்டியின் சக்தியை ஏற்றுகிற பூஸ்டர் ஒன்றைக் கள்ளத்தனமாக வாங்கி மாட்டினான். மோரிஸுக்கு மனசே இல்லை. “இதப் போட்டா மத்தவங்க குரல் எல்லாம் ஒங்க குரலுக்குக் கீழ நசுங்கிடும்ணே.”

நசுங்கட்டும் என்றான்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவன் பேச்சுதான். “கொக்கு தூங்குதா? மீனு ஏதும் மாட்டலியா? பொய்யி பொய்யின்னு சொன்னவரு இப்ப உண்மையச் சொல்ல வாய் வரலியா?” பேசி நிறுத்துவான். பெட்டியின் முகப்பில் ஒரு ஊசி இருக்கிறது. குரல் வந்தால் ஏறும். சில நாள் அவன் நிறுத்தியதும் அந்த ஊசி மயிரிழை அளவு நடுங்கும். இரைச்சலுக்குக் கீழே ஏதோ முனகுவது மாதிரி இருக்கும். சுமத்ரா பக்கத்து மீன்பிடிக்காரர்கள் பேசுவது சில சமயம் கடல் தாண்டி அப்படி வருவது உண்டு. குழந்தைவேலு அவர்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினான்.

“அப்பா, யாரோ கூப்புடற மாதிரி இருக்கு,” என்றாள் பிரேமாவதி ஒரு நாள் அடுப்படியிலிருந்து.

“மலாய்ல பேசறானுங்க. ஒன் வேலயப் பாரு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோரிஸின் பழைய டட்சன் கார் லயத்து வாசலில் வந்து நின்றது. மோரிஸ் காலைப் பூசைக்குப் போட்ட சட்டையோடு இருந்தான். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னான்.

“கொக்கு போயிட்டாருண்ணே. கோயில்ல பூசையில செத்தவங்க பேர வாசிச்சாங்க. செவ்வாக்கெழமையே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.”

குழந்தைவேலு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினான். மோரிஸ் பேசாமல் வண்டி ஓட்டியதை அன்றுதான் குழந்தைவேலு பார்த்தான்.

பெண்டாங்கில் நெல் மில்லுக்குப் பின்னால் பலகை வீடு. சுற்றிலும் அறுத்த வயல். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பம் முறிந்து வரப்பில் கிடந்தது. அதன்மேல் கொடி படர ஆரம்பித்திருந்தது. குழந்தைவேலு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மோரிஸ்தான் முழங்கையில் இடித்து உள்ளே அழைத்துப் போனான்.

ஏசுதாசனின் மனைவி பேட்ரிசியா, தலை நரைத்த ஒல்லியான அம்மா, நாற்காலி போட்டார். மோரிஸ் தன் பெயரைச் சொன்னான். குழந்தைவேலு வாயைத் திறந்து, “அக்கா, நான்…” என்று சொன்னதுமே அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“பால்லாரிதானே. கொரலு தெரியாதா எனக்கு.”

படுக்கை இன்னும் அப்படியே இருந்தது. தலைமாட்டில் பெட்டி. அதிலிருந்து ஒரு செப்புக் கம்பி ஜன்னல் கம்பியில் சுற்றியிருந்தது.

“காத்துல கம்பம் விழுந்திருச்சி. இவருக்கு ஏற்கெனவே நெஞ்சுல தண்ணி கோத்திருந்துச்சி, எந்திரிக்க முடியல. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில பாத்துட்டு வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. நாந்தான் அந்தக் கம்பிய எடுத்து ஜன்னல்ல கட்டுனேன். அவரு சொல்லச் சொல்லக் கட்டுனேன்.”

“அதுல… கேட்டுச்சா?”

“ஒங்க கொரலு நல்லாக் கேட்டுச்சி. கடேசியில ரொம்பச் சத்தமா. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டுச்சி.” அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. “மொதல்ல எனக்கு ஆத்திரந்தான். அந்த ஆளு பேசறத அணைச்சித் தொலைங்கன்னேன். அவரு விடல. பதில் சொல்லணும், பதில் சொல்லணும்னுட்டு இருந்தாரு.”

குழந்தைவேலு தரையைப் பார்த்தான். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டான்.

“என்னா பதிலுக்கா?”

“எனக்கு ஒங்க கதையெல்லாம் தெரியாது தம்பி. தெனமும் இதான் சொன்னாரு. ‘பால்லாரி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு கதைக்காக எவனும் இவ்வளோ கோவப்பட மாட்டான். எனக்கு இப்பதான் புரியுது. லாரி வரட்டும் தம்பி. நீ எழுதுன மாதிரியே வரட்டும், விட்டுரு.’ அவ்வளோதான். இதச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு வாங்கும். சொல்லிட்டு, ஒங்களுக்குக் கேட்டுச்சான்னு கைய எடுத்துட்டுப் பாப்பாரு. நீங்க கொக்கு தூங்குதான்னு ஆரம்பிச்சிருவீங்க.”

மோரிஸ் எழுந்து வெளியே போய்விட்டான்.

“ஒரு ஆள் விட்டாவது…” என்றான் குழந்தைவேலு.

“கேட்டேன். இந்தத் தம்பி மோரிஸுக்குச் சொல்லி விடட்டான்னு கேட்டேன். வேணான்னுட்டாரு. நாலு பேரு கேக்கச் சொன்னேன், நாலு பேரு கேக்கத்தான் திருப்பிக்கணும்னாரு. நாளைக்குப் போயிரும், நாளைக்குப் போயிரும்னு கம்பிய அங்கயும் இங்கயும் மாத்திக் கட்டச் சொன்னாரு.” பேட்ரிசியா ஜன்னலைப் பார்த்தார். “காப்பி போடறேன். குடிச்சிட்டுப் போங்க.”

காப்பி குடித்தார்கள். கிளம்பும்போது வரப்பில் கிடந்த கம்பத்தைத் தூக்கி நிறுத்தட்டுமா என்று கேட்டான். அந்த அம்மா, “இனிமே எதுக்கு?” என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக பூஸ்டரைக் கழற்றினான். பெட்டி மட்டும் இருந்தது. வழக்கமான நேரம். பிரேமாவதி அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மோரிஸ் ஒரு முறை, “பால்லாரி, இருக்கீங்களாண்ணே?” என்று கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தான். இன்னும் இரண்டு மூன்று பேர் காற்றில் இருந்தார்கள். செய்தி தெரிந்து, யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை.

குழந்தைவேலு தாள்களை எடுத்தான். கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். கால்வாய் வெள்ளையாக ஓடுகிற இடம். அதைப் படிக்கவில்லை. மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு மைக்கை அமுக்கினான்.

“நான் பால்லாரி. கொக்கண்ணே சொன்னது சரி. முடிவு பொய்தான். அது கதையில்ல. அந்த டிரைவரு நாந்தான். எழுபத்து மூனுல எம்பொண்டாட்டி ராக்காயி சாகக் கெடக்கையில நான் ஸ்டோருக்குப் போயி பால எறக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னயப் புடிச்சி வெக்கல. பயந்துக்கிட்டு எறக்கினேன். எறக்கி முடிச்சி, லாரியக் கழுவிட்டுப் போன்னான் கிராணி. கழுவிட்டுத்தான் போனேன்.”

கழுவிய விஷயம் கதையை எழுதும்போதுகூட அவன் நினைவுக்கு வரவில்லை. இப்போதுதான் வந்தது.

“லாரி வரட்டும்னு சொன்னீங்களாம். அது வரலண்ணே. நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. ஒங்கள நான் பேசுனதுக்கு…”

அதற்குமேல் சொல்ல இருந்தது. சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. நிமிர்ந்தபோது பிரேமாவதி நிலைப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவனைப் பார்க்கவில்லை. அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கட்டையை அழுத்தியபடியே வெளுத்துப் போயிருந்தது.

அவள் ஒரு எட்டு உள்ளே வந்தாள்.

“கைய எடுங்கப்பா. யாராச்சும் பேசணும்ல.”

எடுத்தான். பெட்டி இரைந்தது. ஊசி அசையவில்லை. அவன் மறுபடி அமுக்காமல் காத்திருந்தான்.